நாலாம் அறையில் இறுகிய வில்

இது நடந்தது. நடந்த இடம் மொன்றியலின் சென்ட் லோரன்ட். நேரம் நள்ளிரவு அல்ல, நல்ல பகல். நாய் ஊளையிடவில்லை. மின்சாரம் போகவில்லை. பக்கத்தில் சுடுகாடும் இல்லை. தெருவில் பஸ் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே தெப்பனர் என்கிற மூலைக்கடையில் ஆட்கள் கோப்பி வாங்கிக்கொண்டு நின்றார்கள். கதை என்று நினைத்து வாசிப்பதானால் வாசியுங்கள். முடிக்கும்போது உங்கள் கை தானாகவே பிடரிக்குப் போகும்.

அனோஜினிக்கு முப்பத்தாறு வயது. உறைந்த உணவுகளை வைத்திருக்கும் ஒரு பெரிய கிடங்கில் குளிரறை இயந்திரங்களைப் பார்க்கும் மெக்கானிக். இரண்டு வருடமாக அவளுக்கு ஒரே ஆசைதான். கியூபெக்கின் வடகோடியில், மரமே முளைக்காத குளிரில், மஸ்க் ஆக்ஸ் என்கிற கம்பளி எருதை வில்லால் வேட்டையாட வேண்டும். அதுவும் கடையில் வாங்கிய, கப்பி பூட்டிய வில்லால் அல்ல. தன் கையால் செய்த மரவில்லால்.

புவாண்ட்-கிளேரில் அவள் அம்பு பழகும் கழகத்தில் சிரித்தார்கள். அண்ணன் டெனிஸ்டன் இன்னும் சத்தமாகச் சிரித்தான்.

“எருதுக்கு அம்பு விடப் போறாவாம். அது உன்னைப் பார்த்துச் சிரிச்சே செத்துப்போகும்.”

“நல்லது. ஒரு அம்பு மிச்சம்,” என்றாள் அனோஜினி.

வடக்கே வழிகாட்டியாக இருக்கும் ஜோபி என்ற இனுயிட் வேட்டைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. தொலைபேசியில் ஒன்றைத்தான் கேட்டார். கடுங்குளிரில் அந்த வில் ஐம்பது இறாத்தல் இழுவிசை காட்ட வேண்டும், உடையக் கூடாது. ஜனவரி கடைசிச் சனிக்கிழமை மாலைக்குள் வீடியோ வந்து சேர வேண்டும். வராவிட்டால் மார்ச் மாத விமானத்தில் அவளுடைய இடம் இன்னொருவருக்கு.

வில்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால்தான் மற்றது புரியும். வில்லை வளைக்கும்போது அதன் உள்பக்கம் நசுங்கும், வெளிப்பக்கம் இழுபடும். மரம் நசுக்கத்தைத் தாங்கும். ஆனால் கடுங்குளிரில் இழுப்பைத் தாங்காது, படாரென்று பிளக்கும். வடக்கே நல்ல மரமும் இல்லை, கடல் கொண்டுவந்து ஒதுக்கிய கட்டைகள்தான். ஆகவே அங்குள்ளவர்கள் அந்தக் காலத்தில் ஓர் அழகான வழி கண்டார்கள். கரிபூ மானின் தசைநாரைப் பின்னிக் கயிறாக்கி, வில்லின் வெளிப்பக்கத்தில் நுனிக்கு நுனி கட்டினார்கள். இழுப்பு முழுவதையும் நார் வாங்கிக்கொள்ளும். பசையே தேவையில்லை. நாருக்குள் ஒரு சின்ன எலும்புக் குச்சியைச் செருகித் திருப்பினால் வில் இறுகும். ஒரு சுற்று அதிகமானால் அது வேறு வில். அளவு மீறினால் மரம் உடைந்து முகத்தில் அடிக்கும்.

இன்னொன்று. இந்த வில்லைச் சூடான வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. ஈரம் பிடித்து நார் தளர்ந்துவிடும். இரவிலும் குளிரிலேயே விட வேண்டும்.

மொன்றியலில் அதற்கு அனோஜினியைவிட வாய்ப்பானவர் யார்? கிடங்கின் நாலாம் குளிரறையில் பழைய தட்டுகளைக் கழற்றி வெறுமையாக விட்டிருந்தார்கள். குளிர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, மைனஸ் இருபத்தெட்டு. மேலாளரைக் கேட்டாள். சரி என்றார். பூட்டும் அவளுடையது, ஒரே சாவியும் அவளுடையது.

கெடு முடியும் வாரம், செவ்வாய் மதியச் சாப்பாட்டு நேரம், இழுவிசையை அளக்கும் விற்றராசில் வில்லைக் கொளுவி இழுத்தாள். நாற்பத்தைந்து. ஐந்து குறைவு. ஆனால் உறைகுளிரில் காற்று மிகவும் வறண்டிருக்கும். நாரில் மிச்சமுள்ள ஈரமும் போனால் நாளுக்கு ஒரு இறாத்தலாவது ஏறும் என்று கணக்குப் போட்டாள். வில்லைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போனாள்.

புதன் மதியம் பார்த்தால், எலும்புக் குச்சி ஒரு முழுச் சுற்றுத் திரும்பியிருந்தது.

தராசு நாற்பத்தேழு காட்டியது.

முறுக்கிய நார் எப்போதும் தளரத்தான் பார்க்கும். தானாக இறுகாது. யாரோ திருப்பியிருக்க வேண்டும். அவள் நேரே பேரின்பநாதனிடம் போனாள். அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர், மன்னார்க்காரர், கேலி பகிடிக்குப் பேர்போனவர்.

“அண்ணை, என்ர வில்லோட விளையாடினீங்களோ?”

“ஐயோ பிள்ளை! அந்தச் சாமானைக் கண்டாலே நான் வண்டியை மற்றப் பக்கம் திருப்பிறனான்.”

“அப்ப ஆர்?”

“பூட்டினது நீர். திறப்பு உம்மட்ட. என்னைக் கேட்டா?” அவர் சிரிக்கவில்லை. “ஃபாதரிட்ட கொஞ்சம் தீர்த்தம் வாங்கித் தெளியும்.”

“அங்க தெளிச்சா நிலத்தில விழ முதல் ஐஸாப் போயிடும் அண்ணை.”

அவள் திரும்பிப் போய்க் குச்சியை ஒரு சுற்றுத் தளர்த்தினாள். தராசு நாற்பத்தைந்துக்கு வரவில்லை. நாற்பத்தாறில் நின்றது. நார் உலர்கிறது, கணக்குச் சரி என்று மகிழ்ந்தாள். அப்போது பிடரியில் ஏதோ ஒன்று குளிர்ந்தது. விரல் நுனி அளவு. தொப்பி மேலேறிவிட்டதாக்கும் என்று இழுத்து விட்டுக்கொண்டாள்.

தொப்பி மேலேறியிருக்கவில்லை.

வியாழனும் அப்படியே. ஒரு சுற்று. தளர்த்தினாள், நாற்பத்தேழு. பிடரியில் அதே குளிர்.

வெள்ளியும் அப்படியே. தளர்த்தினாள், நாற்பத்தெட்டு. அன்று கதவருகில் நின்று வெறும் அறையைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள்.

“ஆர் எண்டு தெரியாது. இது என்ர வில்லு. முறுக்கிறதெண்டா நான் முறுக்குவன். கை வைக்காதை.”

குளிரூட்டும் விசிறிகள் மட்டும் இரைந்தன.

சனிக்கிழமை அரைநாள் வேலை. எல்லோரும் போன பிறகு, 1:15-க்கு, அவள் நாலாம் அறைக்குள் நுழைந்தாள். குச்சி அவள் விட்ட இடத்திலேயே இருந்தது. நாற்பத்தெட்டு. “சொன்னாக் கேக்கிறாய், நல்ல பிள்ளை,” என்று சிரித்தாள். ஆனால் இன்று ஒரு இறாத்தலும் ஏறவில்லை, இரண்டு இன்னும் குறைவு. அதற்குக் குச்சியை இரண்டு சுற்றுத் திருப்ப வேண்டும், மரம் தாங்குமா? எதற்கும் முதலில் வில்லின் வெப்பநிலையைப் பார்ப்போம் என்று வெப்பமானியை எடுத்தாள். துப்பாக்கி போன்ற கருவி. எதை நோக்கிப் பிடித்தாலும் அதன் வெப்பநிலையைத் தொடாமலே சொல்லும்.

வில், மைனஸ் இருபத்தெட்டு. அவள் வைத்திருந்த அம்பு இலக்கு, மைனஸ் இருபத்தெட்டு. பக்கச் சுவர், மைனஸ் இருபத்தெட்டு.

டிக்.

அறையின் அந்தக் கோடியில் ஒரு விளக்கு எரிந்தது.

குளிரறை விளக்குகள் ஆள் நடந்தால்தான் எரியும். அவற்றின் கண் ஆளைப் பார்ப்பதில்லை. வெப்ப வித்தியாசம் நகர்வதைத்தான் பார்க்கிறது. சுற்றியுள்ளதைவிடச் சூடான ஒன்று நகர்ந்தால் எரியும்.

சுற்றியுள்ளதைவிடக் குளிர்ந்த ஒன்று நகர்ந்தாலும் எரியும்.

டிக். இரண்டாவது விளக்கு.

வெளிச்சத்தில் யாரும் இல்லை. அவள் வெப்பமானியை அங்கே நீட்டினாள்.

மைனஸ் நாற்பத்தொன்று.

அது நடக்கவே முடியாது. ஓர் அறையில் எந்தப் பொருளும் அந்த அறையைக் குளிரவைக்கும் சுருளைவிடக் குளிராக இருக்க முடியாது. அந்தச் சுருளைப் பராமரிப்பவளே அவள்தான். அது மைனஸ் முப்பத்துமூன்றுக்குக் கீழே போகாது.

சற்று இடப்பக்கம் நீட்டினாள். மைனஸ் இருபத்தெட்டு. சற்று வலப்பக்கம். மைனஸ் இருபத்தெட்டு. நடுவில், மைனஸ் நாற்பத்தொன்று. மேலும் கீழும் பிடித்துப் பார்த்தாள். அதற்கு ஓர் உயரம் இருந்தது.

அவளுடைய உயரம்.

டிக்.

மூன்றாவது விளக்கு.

எந்தக் குளிரறைக் கதவும் உள்ளேயிருந்து திறக்கும். ஒரு பெரிய பச்சைக் குமிழ், தள்ளினால் போதும். அது அவளுக்கு எட்டிய தூரத்தில் இருந்தது. ஆகவே அவள் அங்கே நின்றது மாட்டிக்கொண்டதால் அல்ல.

நின்றாள். அவ்வளவுதான்.

வெப்பமானியைக் கீழே வைத்தாள். தொலைபேசியை முக்காலியில் பூட்டி வீடியோவை ஓடவிட்டாள். வில்லை எடுத்தாள். அம்பைப் பூட்டினாள்.

“இரண்டு வருஷம் பாடுபட்டனான்,” என்றாள். “உனக்குப் பயந்து விட்டிட்டுப் போகமாட்டன்.”

டிக்.

நாலாவது விளக்கு... அவள் தலைக்கு மேலே எரிந்துகொண்டிருந்த விளக்குக்குப் பக்கத்தில்.

விசிறி நின்றது.

அவளுடைய மூச்சுப்புகை முன்னால் போனது... நின்றது... திரும்பி வந்தது.

பிடரியில் விரல் நுனி.

பிறகு...

க்ரீச்...

அவள் கையில் இருந்த வில்லில், அவள் கண்ணுக்கு முன்னால், எலும்புக் குச்சி மெதுவாகத் திரும்பியது.

கால் சுற்று.

அரைச் சுற்று.

மரம் முனகியது.

முழுச் சுற்று.

டக்.

அவள் வில்லை விடவில்லை.

“உடையிறதெண்டா என்ர கையில உடையட்டும்!”

இழுத்தாள்.

விட்டாள்.

அம்பு இலக்கில் இறகுவரை இறங்கியது. விசிறி திரும்ப இரையத் தொடங்கியது. வில்லைத் தராசில் கொளுவினாள். ஐம்பது. நேரம் 1:32. அதையும் வீடியோவில் காட்டிவிட்டுத்தான் கதவைத் தள்ளினாள்.

வீடியோவில் எதுவும் இல்லை. பலர் பலமுறை பார்த்தாயிற்று. அவள், அம்பு, இலக்கு, தராசு. நடுவில் அந்த ‘டக்’ சத்தம் மட்டும் கேட்கிறது. ஜோபி அன்றிரவே பதில் அனுப்பினார்: வா.

மார்ச்சில் போனாள். வேட்டை நாள் காலையில் கூடாரத்துக்கு வெளியே ஜோபியின் வெப்பமானி மைனஸ் நாற்பத்தொன்று காட்டியது. அனோஜினி அதை இரண்டு தரம் பார்த்தாள். கம்பளி எருதுகள் ஓடுவதில்லை. கொம்புகள் வெளியே பார்க்க வட்டமாக நிற்கும். பதினாறு மீற்றர்வரை போய்விட்டாள். இழுக்கும்போது வில்லின் முதுகில் நார்கள் படபடவென்று அறுந்தன. வில் உடையவில்லை. ஒரே அம்பு. எருது பத்தடி நடந்து முழங்கால் மடித்தது.

ஜோபி கையுறையைக் கழற்றி வில்லின் முதுகைத் தடவிப் பார்த்தார். இத்தனை நார் அறுந்த பிறகு இது முறிந்திருக்க வேண்டும் என்றார். இன்னொரு முறை தடவினார். சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த வில்லை அவர் தொடவில்லை.

கழகத்தில் இப்போது யாரும் சிரிப்பதில்லை. கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏப்ரல் கடைசியில், அறுந்த நாரை மாற்றுவதற்காக, வீட்டு பால்கனியில் வைத்திருந்த வில்லை எடுத்துக் கட்டைப் பிரித்தாள். அவள் பின்னிய பதினான்கு புரியும் இருந்தன, பாதி அறுந்தபடி. அவற்றுக்கு நடுவே, அறாமல், மெல்லிய கறுப்புப் பின்னல்கள்.

தலைமயிர்.

நுனியில் அவள் போடும் செம்பட்டைச் சாயம்.

கொண்டையை அவிழ்த்துப் பிடரியில் விரலை விட்டாள். அடிமயிரில் ஒரு சின்ன வட்டம் வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய இடத்தில் மூன்று சென்றிமீற்றர் வளர்ந்திருந்தது. தலைமயிர் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்றிமீற்றர் வளரும். அப்படியானால் ஜனவரி. கணக்குச் சரி. புதன், வியாழன், வெள்ளி, சனி என்று வில் இறுகியது நான்கு முறை. நார் உலர்ந்ததால் ஏறிய இறாத்தல் அல்ல அது.

பின்னல்களை எண்ணினாள்.

ஐந்து.

பிடரியில் திரும்பத் தடவினாள். வட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வட்டம். அது வளர்ந்திருக்கவில்லை. சவரம் செய்ததுபோலக் குத்தியது. நேற்று இரவு வில் இருந்தது நாலாம் அறையில் அல்ல. அவள் படுக்கையறைக்கு வெளியே, பால்கனியில்.

அன்று பின்னேரமே போய்த் தலையை மழித்துவிட்டு வந்தாள். “என்னடி, மடு மாதாவுக்கு நேர்த்தியோ?” என்று டெனிஸ்டன் கேட்டான். ஐந்து பின்னலையும் எரித்தாள். நன்றாக உலர்ந்த புது நாரில் பதினான்கு புரி பின்னி, வில்லைக் கட்டி, தானே முறுக்கினாள். தராசில் கொளுவினாள். நாற்பத்தைந்து. பால்கனியில் சாய்த்துவிட்டு, இருட்டைப் பார்த்து மொட்டைத் தலையைத் தட்டிக் காட்டினாள்.

“இனி என்னட்ட எடுக்க ஒண்டுமில்லை.”

வரும் மார்ச்சுக்கும் விமானத்தில் இடம் பதிந்துவிட்டாள். இதையெல்லாம் எனக்குச் சொன்னபோது சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் ஒன்றை மட்டும் கடைசியாக, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

மறுநாள் காலை குச்சி ஒரு சுற்றுத் திரும்பியிருந்தது, தராசு நாற்பத்தேழு காட்டியது. குச்சியை ஒரு சுற்றுத் தளர்த்தினாள்.

நாற்பத்தாறு.

அந்த ஒரு இறாத்தல் எதனால் ஆனது என்று அவள் இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.