அன்புச்செல்வி எழுதிய முந்நூற்று அறுபது தாள்கள்

பிரம்மதேசத்து அன்புச்செல்விக்கு வாய்த்த சொத்து அவளுடைய கையெழுத்து ஒன்றுதான். காலனியில் யாருக்கு ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போனாலும், முதியோர் பென்ஷன் நின்றுபோனாலும், வெள்ளைத்தாளோடு அவள் வீட்டுக்குத்தான் வருவார்கள். அவள் எழுதிய மனுவை எந்த ஆபீசரும் படிக்காமல் தூக்கிப் போட மாட்டார் என்று ஒரு நம்பிக்கை. கூட்டேரிப்பட்டில் கோதண்டபாணி புதிதாகத் தொடங்கிய லாரி கம்பெனியில் வேலை கிடைத்ததும் அதனால்தான். அவளுடைய பி.காம். சர்டிபிகேட்டை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

நான்கு லாரி, நான்கு டிரைவர், ஒரு தகர ஷெட், அதற்குள் அன்புச்செல்வி. காலையில் கிளம்பும்போது டிரைவர்கள் வண்டியில் என்ன குறை என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவள் அதை ஒரு நீள நோட்டில் எழுதி வைப்பாள். யாரும் சொல்லிச் செய்ததல்ல, அவளுக்கே தோன்றிய வேலை. நவம்பர் முழுக்க முத்துசாமியின் பெயருக்கு நேரே ஒரே வரிதான் இருந்தது: பிரேக் தாமதமாகப் பிடிக்கிறது. முப்பது வருஷமாக ஸ்டியரிங் பிடித்தவர், சும்மா சொல்கிற ஆள் இல்லை. நோட்டைக் காட்டினால் கோதண்டபாணி பார்த்துக்கொள்ளலாம் என்பார். அவரையும் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. தானும் டிரைவராக இருந்து, இருந்த நிலத்தை விற்று வண்டி வாங்கியவர். வண்டி ஒரு நாள் நின்றால் ஒரு நாள் லோடு போச்சு என்பதற்கு மேல் அவர் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

டிசம்பரில் பெரிய கம்பெனி ஒன்று வருஷம் முழுக்க லோடு தர முன்வந்தது. புது லாரிக் கம்பெனி என்பதால் முதலில் பாதுகாப்பு ஆடிட்டில் தேற வேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் தினமும் பிரேக், டயர், லைட் சோதித்து டிக் அடித்த தாள் மூன்று மாதத்துக்கு வேண்டுமாம். அப்படி ஒரு தாள் உலகத்தில் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் ஷெட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும். கோதண்டபாணி கட்டுக்கட்டாக அச்சடித்து வந்து அவள் மேசையில் வைத்தார். பாதுகாப்பு அதிகாரி என்ற இடத்தில் அவள் பெயரே அச்சாகியிருந்தது. சம்பளம் ஏறாமல் வந்த பதவி.

நோட்டில் இருப்பதை அப்படியே எழுதட்டுமா என்று கேட்டாள்.

"எல்லாம் நல்லாருக்குதுன்னு போடும்மா. காண்ட்ராக்ட் வந்ததும் மொத வேலையா முத்துசாமி வண்டிக்கு பிரேக் லைனிங் மாத்திடலாம்" என்றார்.

மூன்று நாளில் முந்நூற்று அறுபது தாள் எழுதினாள். ஒரே பேனா என்றால் சந்தேகம் வரும் என்று ஐந்து பேனா மாற்றினாள். அந்தப் புத்தி வேறு எதற்காவது பயன்பட்டிருக்கலாம்.

சென்னையிலிருந்து ஆடிட்டுக்கு வந்த ஜெகதீசன் தாள்களைப் புரட்டிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நிறுத்தினார். ஆயுத பூஜை அன்று நான்கு வண்டியும் லோடு போயிருக்கிறதே என்றார். அன்றைக்கு நான்கும் கழுவி, சந்தனம் தடவி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து வாசலில் வரிசையாக நின்றன. டிக் அடித்த வேகத்தில் அந்த நாளையும் ஓடவிட்டிருந்தாள். ஜெகதீசன் சிரித்துவிட்டு, அந்த நான்கு தாளை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதால் வெளியே நின்ற லாரிகளின் பக்கம் போகவில்லை. ஆவணங்கள் திருப்தி என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

காண்ட்ராக்ட் வந்தது. லைனிங் வரவில்லை. தினமும் லோடு இருந்தது, வண்டியை நிறுத்த நாளே கிடைக்கவில்லை. பழைய நோட்டு ஆபீசில் இருக்க வேண்டாம் என்று கோதண்டபாணி சொன்னார். போகியன்று காலையில் நீள நோட்டையும் அந்த நான்கு தாளையும் அவளே வீட்டு வாசல் நெருப்பில் போட்டாள். கிழிந்த பாயோடும் துடைப்பத்தோடும் அவையும் எரிந்தன.

பொங்கல் கழித்து வேலைக்கு வந்த முத்துசாமி ஷெட் வாசலில் நின்றார். "தங்கச்சி, பிரேக்கு அப்பிடியேதான் இருக்குது. எழுதிக்க."

ஓனரிடம் சொல்கிறேன் அண்ணா என்றாள். சொல்லவும் செய்தாள். பிறகு அச்சடித்த தாளை எடுத்து, பிரேக் என்ற கட்டத்தில் டிக் அடித்தாள்.

தை மாதக் கடைசியில், கூட்டேரிப்பட்டு ஜங்ஷனில், மொபெட்டில் மல்லாட்டைக் கடலை மூட்டையோடு ரோட்டைக் கடந்த ஒருவர் மேல் முத்துசாமியின் லாரி ஏறி, பாலத்துச் சுவரில் மோதி நின்றது. மொபெட்காரர் அங்கேயே செத்தார். முத்துசாமிக்கு இடது கால் போயிற்று. பிரேக் முன்பே கெட்டிருந்ததா, மோதியதில் கெட்டதா என்று சொல்ல முடியாத அளவுக்கு முன்பக்கம் நொறுங்கியிருந்தது. போலீஸ் தாள்களைக் கேட்டது, கோதண்டபாணி கொடுத்தார். விபத்து நடந்த காலையிலும் பிரேக் நன்று என்று அழகான கையெழுத்தில் இருந்தது. தப்பு முழுக்க டிரைவர் மேல் என்று வழக்கு ஆனது.

நான்காம் நாள் முத்துசாமியின் மனைவி பூமாலை வெள்ளைத்தாளோடு பிரம்மதேசத்துக்கு வந்தாள். விழுப்புரத்தில் பெரிய போலீஸ் ஆபீசரிடம் கொடுக்க மனு எழுத வேண்டும் என்றாள். அன்புச்செல்வி தாளைக் கையில் வாங்கவில்லை.

"அந்தத் தாளுங்க எல்லாத்தையும் எழுதுனதே நான்தாங்கக்கா."

"தெரியும்மா. அவருதான் சொன்னாரு. அதான் உன்கிட்ட வந்தேன்" என்றாள் பூமாலை. "நீ எழுதுனதத்தான் எல்லாரும் நம்பிக்கினு இருக்காங்க. இதையும் நம்புவாங்க இல்ல?"

நடந்தது முழுவதையும் தன் மேல் போட்டுக்கொண்டு எழுதினாள். வேலை போகும், வழக்கு வரும் என்று தெரிந்தே எழுதினாள். மறுநாள் ஆபீசர் அறைக்குள் ஒருவரைத்தான் விட்டார்கள். பூமாலை வராந்தாவில் உட்கார்ந்தாள்.

ஆபீசர் மனுவைக் கடைசி வரி வரை படித்தார். ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். "இதுவும் உன் கையெழுத்து, அதுவும் உன் கையெழுத்து. எதும்மா நெஜம்?"

நீள நோட்டைப் பற்றிச் சொன்னாள். எங்கே என்று கேட்டார். போகியில் போட்டுவிட்டதாகச் சொன்னாள். ஆயுத பூஜைத் தாள்களைப் பற்றிச் சொன்னாள். அவை எங்கே என்றார். அவையும் போகியில்தான் என்றாள். ஜெகதீசனுக்குப் போன் போட்டார்கள். தாள்கள் எல்லாம் சரியாக இருந்தன, அப்படித்தான் ரிப்போர்ட்டும் கொடுத்திருக்கிறேன் என்றார் அவர். டிரைவர் குடும்பத்தின் மேல் இரக்கப்பட்டு இப்படி எழுதினாயா என்று ஆபீசர் கேட்டார். கோபம்கூட இல்லாமல்தான் கேட்டார். மனுவை ஃபைலில் சேர்க்காமல் மேசை ஓரத்துக்குத் தள்ளிவைத்தார்.

வெளியே வந்ததும் பூமாலை எழுந்தாள்.

"படிச்சாரா?"

"முழுசாப் படிச்சாருக்கா."

"படிச்சிட்டாரு இல்ல, அது போதும்மா" என்று பூமாலை புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.