கல்லை எடுங்க!

மழையில் மண் சரிந்து மாத்தளை ரயில் நின்றுபோன பிறகுதான் அந்த அம்மாவைச் சரியாகக் கவனித்தேன். கண்டியில் ஒரு துணிக்கடையில் தைப்பவர்; நான் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். முன்பு நாங்கள் ஒரே பெட்டியில் வேலைக்குப் போவோம். இப்போது ஒரே பஸ்ஸில் நெரிபடுகிறோம். மெலிந்த உடம்பு, காலுக்குப் பெரிதான ஆண்கள் சப்பாத்து. ரயில் வராத பாதையையும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கடப்பார்.

ஒரு மாலை, வத்தேகமைக்குக் கிட்ட எங்கள் சின்ன ஸ்டேஷன் அருகே, கடைக்காரர் ஒருவர் தண்டவாளத்தின் மேல் சீமெந்துக் கற்களை அடுக்கிக்கொண்டிருந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கிய அம்மா நேரே அவரிடம் போனார்.

"கல்லை எடுங்க."

"ரயில்தான் வரலையே அக்கா! கடையைக் கொஞ்சம் முன்னுக்கு இழுக்கிறேன், அவ்வளவுதான்."

"இன்னைக்கு நீங்க கடை போடுவீங்க, நாளைக்கு இன்னொருத்தர் வீடு கட்டுவாரு. அப்புறம் இங்க பாதையே இல்லைன்னு சொல்லிட்டு ரயில்வேக்காரங்க போயிருவாங்க. எடுங்க."

அவர் சிரித்தார். அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கல்லைத் தூக்கிப்போய் அவருடைய கடை வாசலில் வைத்தார். பிறகு இன்னொன்று. பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் நானும் தூக்கினேன். கடைசியில் கடைக்காரரே முணுமுணுத்தபடி மிச்சத்தை எடுத்தார்.

"உண்மையாவே ரயில் வரும்னு நம்புறீங்களா?" என்று கேட்டேன்.

"வருமான்னு எனக்குத் தெரியாது டீச்சர். ஆனா வராததுக்கு நம்மளைக் காரணம் காட்ட விடமாட்டேன்."

ரயில் இன்னும் வரவில்லை. அங்கே யாரும் மறுபடி கல் வைக்கவும் துணியவில்லை. நம்பிக்கை இல்லாமலேயே ஒருவர் இவ்வளவு உறுதியாக நிற்க முடியுமா என்று, பஸ்ஸில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் யோசிக்கிறேன்.