பிழையில்லாத இங்கிலீஷ்

ஆவடிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பதினோரு வருஷம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தேன். பாடத்தில் ஒரு வரி படிப்பேன், உடனே தமிழில் அர்த்தம் சொல்வேன். பிறகு பலகையில் தமிழ் வாக்கியம் ஒன்றை எழுதி இங்கிலீஷில் மாற்றச் சொல்வேன். ஓர் எழுத்து பிசகினாலும் சிவப்பு மையால் அடிப்பேன். மொழிபெயர்ப்பில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற திமிர் வேறு. ஆனால் அந்த வகுப்பில் யாரும் யாரிடமும் இங்கிலீஷில் பேசியதே இல்லை, என்னையும் சேர்த்துத்தான். ஏட்டுச் சுரைக்காய் என்பார்களே, நான் அதில் ஒரு தோட்டமே போட்டிருந்தேன்.

யுத்த சமயத்தில் வெள்ளானூர்ப் பக்கம் பட்டாளத்துக்கு நிலம் எடுத்தார்கள். அளக்க வரும் வெள்ளைக்காரத் துரையோடு, பேச்சை மொழிபெயர்க்க ஒரு குமாஸ்தாவும் வருவார். ஒரு நாள் அவர் காய்ச்சலில் படுத்துவிட்டதால், ஊர்க்காரர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நிலம் போய்விட்டது என்று அவர்களுக்கே தெரியும். கதிர் முற்ற இன்னும் பத்து நாள், அதுவரை வயலில் லாரி இறக்க வேண்டாம் என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

இவர்களுக்கு என்ன வேண்டும் என்று துரை என்னைக் கேட்டார். நன்றாகவே புரிந்தது. வழக்கம்போல முதலில் தமிழில் வாக்கியத்தை அமைத்துக்கொண்டேன். இங்கிலீஷில் மாற்றப் போனால், கதிர் முற்றுவதற்கு வார்த்தை அகப்படவில்லை. நெல், பத்து நாள் என்று மட்டும் உளறியிருந்தாலும் அந்த மனுஷருக்கு விளங்கியிருக்கும். தப்பாகப் பேச வெட்கப்பட்டுக்கொண்டு நின்றேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சொல்ல ஒன்றுமில்லையா என்றார்.

"நோ சார்" என்றேன்.

வெள்ளைக்காரர் ஒருவரிடம் நான் பேசிய முதல் இங்கிலீஷ் அது. அதில் ஒரு பிழையும் இல்லை.

துரை போனதும் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். கேட்டுப் பார்த்தேன், முடியாது என்றுவிட்டார் என்று சொன்னேன். என் வாய் அசைந்ததைத்தான் அவர்கள் பார்த்திருந்தார்களே, நம்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் லாரிகள் வயலில் இறங்கின.

பச்சைக் கதிரை மாட்டுக்கு அறுத்துப் போட்ட குடியானவர் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அவருடைய மகன் என் வகுப்பில் படித்தான். நான் தலை நிமிரவில்லை.

"நீங்க கேட்டீங்க, அவன் குடுக்கல. உங்க மேல இன்னா தப்பு கீது வாத்யாரே? எம் பையனுக்கும் அதே மாரி தொரைகிட்ட பேசக் கத்துக் குடுங்க."

சரி என்று தலையாட்டினேன்.

கதிர் முற்றுவதற்கான வார்த்தையை, துரை வந்த அன்று சாயங்காலமே அகராதியில் பார்த்துவைத்திருந்தேன். என்ன புத்தியோ, அடுத்த வாரம், கதிர் முற்ற இன்னும் பத்து நாள் ஆகும் என்று பலகையில் எழுதி, அந்த வார்த்தையையும் பக்கத்தில் போட்டேன். அவருடைய மகன்தான் முதலில் எழுதிக்கொண்டு வந்தான். எல்லாம் சரியாக இருந்தது.

"இதத்தானே சார் தொரைகிட்ட சொன்னீங்க?" என்றான்.

ஆமாம் என்று சொல்லி, சரி போட்டுக் கொடுத்தேன்.