வீட்டுக்கோ, கடைக்கோ?

நாளைக் காலை, பல நாட்டுப் புள்ளிவிவர அதிகாரிகள் கூடும் கூட்டத்தில் என் கேள்வியைப் படிக்க வேண்டும். மொத்த வியாபாரம் எது, சில்லறை வியாபாரம் எது என்று எல்லா நாட்டுக் கணக்கெடுப்பிலும் ஒரே மாதிரி பிரிக்க உதவும் கேள்வி. "மூட்டையாக விற்கிறீர்களா, கிலோவாகவா?" என்று எழுதி வைத்திருக்கிறேன். கேட்டுப் பார்க்கலாமே என்று கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஓர் அரிசிக் கடையில் நிற்கிறேன்.

வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் ஒரு மூட்டை கீரிச்சம்பா அரிசி கேட்கிறார்.

"வீட்டுக்கோ, கடைக்கோ?" என்கிறார் கடைக்காரர் அல்போன்ஸ்.

"வீட்டுக்குத்தான். மகளுக்குக் கலியாணம்."

அடுத்து வரும் பெண் இரண்டு கிலோ பருப்புதான் கேட்கிறார். அவரிடமும் அதே கேள்வி.

"கடைக்கு அண்ணே. வடை போட."

வடைக்காரிக்கு விலை குறைகிறது. மூட்டைக்காரருக்குக் குறையவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"மூட்டையாக வாங்கியவருக்கு ஏன் குறைக்கவில்லை?"

"அவர் சாப்பிட வாங்குறார், மிஸ். இவ வித்துப் பிழைக்க வாங்குறா. நிறுவையப் பாத்து அதைக் கண்டுபிடிக்க ஏலுமா?"

ஏலாதுதான். அங்கேயே, அரிசி மூட்டையின் மேல் தாளை வைத்து என் கேள்வியைக் கோடிட்டு அடிக்கிறேன். அவருடைய கேள்வியை எழுதிக்கொள்கிறேன். நாளை அத்தனை நாட்டுக்காரர் முன்னால் அசடு வழிய வேண்டியது, இன்று இந்த ஒருவரோடு போயிற்று.

கொறிக்கக் கால் கிலோ கஜு, முந்திரிப்பருப்பு, கேட்கிறேன். அவர் வாயைத் திறக்குமுன், "வீட்டுக்கு" என்று சொல்லி, முழு விலையையும் சந்தோஷமாகக் கொடுக்கிறேன்.