மெஸ்ஸோடு சேர்த்து ஒரு சீட்

கூடைப்பந்து பெண்களுக்கு ஏற்ற நாகரிகமான விளையாட்டு என்று எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் ஒரு பெரிய மனிதர் பேசினார். அவர் எங்கள் ஆட்டத்தை ஒரு தடவைகூடப் பார்த்திருக்க மாட்டார். பார்த்திருந்தால் அன்றைக்குப் பேச வந்திருக்கவே மாட்டார்.

எண்பதுகளின் நடுவில் திண்டிவனத்தில் நான் ஆடிய கூடைப்பந்தில் கிள்ளு உண்டு, பிறாண்டல் உண்டு, முழங்கை உண்டு, சடையைப் பிடித்து இழுப்பதும் உண்டு. ஆட்டம் தொடங்குமுன் ரெஃப்ரி எங்களை வரிசையாக நிற்க வைத்து நகம் பார்ப்பார். வளையலையும் கொலுசையும் கழற்றியாக வேண்டும். தலையிலிருக்கும் ஹேர்பின்களை உருவி ஒரு டிபன் பாக்ஸ் மூடியில் போட வேண்டும். பின்னை விரல் இடுக்கில் ஒளித்துவைத்து எதிராளியின் இடுப்பில் குத்துவது எங்கள் பக்கத்தில் பழைய வித்தை. ரெஃப்ரியால் கழற்ற முடியாதது சடை ஒன்றுதான். அதற்கு எங்கள் பி.டி. டீச்சர் ஒரு வழி வைத்திருந்தார். மேட்ச் நாள் காலையில் விளக்கெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, எல்லார் சடையிலும் நுனிவரை வழித்துவிடுவார். இழுக்கிறவள் கை வழுக்கும். அதோடு அந்தக் கையால் அவள் பந்தையும் ஒழுங்காகப் பிடிக்க முடியாது. வெயில் ஏற ஏற எண்ணெய் கழுத்து வழியாக இறங்கி முதுகெல்லாம் ஊறும். நாற்றம் சகிக்காது.

டீச்சர் நல்லவர்தான். அவருடைய விசில் கயிறுதான் பொல்லாதது. சுலபமான பந்தைக் கூடையில் போடத் தவறினால் தொடையில் சுளீரென்று ஒன்று விழும். கால் விரலில் ரத்தம் கட்டி நொண்டினால், நொண்டியதற்காக இன்னொன்று விழும். நான் அதற்கெல்லாம் அழுததில்லை. வீட்டில் வாங்குவதோடு ஒப்பிட்டால் அது தடவிக் கொடுப்பது மாதிரி.

வீட்டில் அண்ணன் இருந்தான். அப்பா செத்த பிறகு அவன் வைத்ததுதான் சட்டம். மண்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை தூக்குவான். சாயங்காலம் வரும்போது தோளில் தோல் வழன்று சிவந்திருக்கும். பார்க்கப் பாவமாக இருக்கும். லுங்கிமேல் கட்டியிருக்கும் அகலமான பச்சை பெல்ட்டை அவிழ்க்கிறவரைக்கும்தான் அந்தப் பாவம். ‘உன் தங்கச்சி தொடயக் காட்டிக்கினு ஓடுறாடா’ என்று மண்டியில் எவனாவது சொல்லியிருப்பான். சொன்னவன் மண்டையை உடைக்க இவனுக்குத் தைரியம் இல்லை. என்னை உடைத்தான். பெல்ட் பக்கிளில் அடிபட்ட இடம் கன்றிப்போகும். பள்ளியில் கேட்டால் மேட்ச்சில் பட்டது என்பேன். யாரும் சந்தேகப்பட்டதில்லை.

அம்மா அடுப்படியில் இருந்தபடியே சொல்லும், “அடிச்சா அடிச்சிட்டுப் போறான். நீ கத்தாத. பக்கத்து வூட்ல கேக்கும்.”

பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும் என்னைக் கிளியனூரில் கட்டிக்கொடுப்பது என்று அண்ணன் பேசி முடித்திருந்தான். மாப்பிள்ளை தூரத்துச் சொந்தம். முதல் பெண்டாட்டி தீக்குளித்துச் செத்துப்போனவன். ஏன் தீக்குளித்தாள் என்று எங்கள் வீட்டில் யாரும் வாயைத் திறந்து கேட்கவில்லை.

அப்போதுதான் டீச்சர் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார். மெட்ராஸில் ஒரு பெண்கள் கல்லூரி, விளையாட்டுக் கோட்டாவில் கூடைக்கு அடியில் நின்று ஆடும் உயரமான பெண் ஒருத்தியைத் தேடுகிறதாம். ஃபீஸ் கிடையாது. ஹாஸ்டல் இலவசம். மூன்று வேளையும் மெஸ் சாப்பாடு இலவசம். ஞாயிற்றுக்கிழமை முட்டை. விழுப்புரம் பள்ளியோடு நாங்கள் ஆடப்போகும் மாவட்ட ஃபைனலைப் பார்க்க அந்தக் கல்லூரியின் பி.டி. மேடமே விழுப்புரத்துக்கு வருகிறார்.

“எத்தன பேர எடுப்பாங்க டீச்சர்?” என்று கேட்டேன்.

“ஒருத்தி. மெஸ்ஸோட சேத்து ஒரே சீட்டு. எடுத்தா உன்ன எடுக்கணும், இல்லன்னா அந்த வெழுப்பரத்துக்காரிய எடுக்கணும்.”

விழுப்புரத்துக்காரி என்றால் எங்களுக்கு ஒருத்திதான். ரயில்வே கேங்மேன் மகள். தண்டவாளத்து ஓரத்துக் குடியிருப்பில் வளர்ந்தவள். என்னைவிட ஒரு விரல் குள்ளம், ஆனால் எழும்பினால் கூடைப் பலகையைத் தொட்டுவிடுவாள். மூன்று வருஷமாக நாங்கள் இருவரும் ஒரே கூடைக்கு அடியில் முட்டிக்கொண்டிருந்தோம். என் முன்பல்லில் பாதி இல்லை, அதை எடுத்தவள் அவள். அவள் புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது, அது என் வேலை. ஒருவரை ஒருவர் அடித்தது போக, ஆட்டத்துக்கு வெளியே ஒரு வார்த்தை நல்லபடியாகப் பேசியதில்லை.

ஃபைனல் ஒரு சனிக்கிழமை. ஸ்பெஷல் கிளாஸ் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, வெறும் வயிற்றோடு கிளம்பினேன். வீட்டில் இருந்த கேப்பைக் கூழ் அண்ணனுக்கே போதாது.

விழுப்புரம் மைதானத்தில் மேடம் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். காட்டன் புடவை, காலில் கேன்வாஸ் ஷூ. சிரிப்பு என்பது அந்த முகத்தில் மருந்துக்கும் இல்லை. எங்கள் இருவரையும் கூப்பிட்டு, உள்ளங்கையை விரிக்கச் சொன்னார். பாதத்தைப் பார்த்தார். எகிறச் சொன்னார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களே, அதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

திரும்பி நடக்கும்போது விழுப்புரத்துக்காரி என் காதோரம் சொன்னாள். “இன்னாடி, பாதிப் பல்லோட மெட்ராஸ் போவப் போறியா?”

“நீ இன்னொரு புருவத்தையும் என்கிட்ட குடுத்துட்டுப் போ,” என்றேன்.

முதல் பாதியில் பேச்சுக்கே இடமில்லை. விசில் ஊதிய கொஞ்ச நேரத்தில் அவள் முழங்கை என் நெஞ்சுக்குழியில் இறங்கியது. மூச்சு அடைத்துப்போய் நின்றேன். அடுத்த பந்துக்கு இருவரும் எழும்பியபோது, இறங்குகிற வழியில் அவள் பாதத்தின்மேல் என் முழு எடையையும் வைத்தேன். “ஐயோ” என்ற சத்தம் எனக்கு இனித்தது. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே இனித்தது. அவள் விழுந்தால் எனக்கு ஹாஸ்டல், நான் விழுந்தால் எனக்குக் கிளியனூர். அவளுக்கும் வீட்டில் ஏதோ ஒரு கிளியனூர் இருந்திருக்கும். நான் கேட்டுக்கொள்ளவில்லை. முட்டிகள் சிராய்த்து, மைதானத்துச் செம்மண்ணும் ரத்தமும் ஒன்றாகக் குழைந்து காலில் காய்ந்தன. இடைவேளை விசில் வந்தபோது நாங்கள் ஒரு புள்ளி முன்னால் இருந்தோம்.

ரெஃப்ரி ஸ்கோர் மேஜைப் பக்கம் போனார். டீச்சர்கள் மேடத்தை டீ குடிக்க அழைத்துப் போனார்கள். இரண்டு டீம்களுக்கும் ஒரே தண்ணீர் வாளி. நான் குனிந்து டம்ளரில் மொண்டபோது பின்னாலிருந்து ஒரு கை என் சடையைப் பிடித்தது. விழுப்புரத்துக்காரி என்றுதான் நினைத்தேன்.

“இதுதான் ஸ்பெஷல் கிளாஸா?”

அண்ணன். மண்டியிலிருந்து மூட்டை ஏற்றிக்கொண்டு விழுப்புரம் வந்த லாரியில் வந்திருக்கிறான். எவன் போட்டுக்கொடுத்தானோ தெரியவில்லை. பலங்கொண்ட மட்டும் இழுத்தான். விளக்கெண்ணெயில் கை வழுக்கி, அவனே மல்லாக்க விழுந்தான். யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு என் தலையில் விடிந்தது. எழுந்த வேகத்தில் பிடரியைப் பிடித்துக் காதோடு சேர்த்து அறைந்தான். கண் இருட்டியது. கீழே விழுந்த பிறகு இடுப்பில் உதைத்தான். மறுபடியும் உதைத்தான். எங்கள் டீமில் ஒருத்தியும் அசையவில்லை. அண்ணன் தங்கச்சியை அடிப்பதில் குறுக்கே போகக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்லித்தான் வளர்த்திருந்தார்கள்.

திடீரென்று உதை நின்றது. மொத்தென்று ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால் அண்ணன் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், விரல் சந்துகளில் ரத்தம் வழிகிறது. நாலடி தள்ளி விழுப்புரத்துக்காரி. அடித்த பந்து உருண்டு அவள் காலடிக்கே வந்தது. நிதானமாகக் குனிந்து எடுத்து, நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, அதே மூக்கில் இன்னொரு தடவை அடித்தாள். ரெஃப்ரி திரும்பிப் பார்த்தது அந்த இரண்டாவது அடியை மட்டும்தான்.

“ஏய், வெளியே போ! மேட்ச் பார்க்க வந்தவரையா அடிக்கிற?”

மேடம் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார். ரெஃப்ரி சொன்னதைக் கேட்டுவிட்டு எங்கள் டீச்சரிடம் ஒரே வரியில் முடித்துவிட்டார். “ரெஃப்ரி வெளியே அனுப்பின பொண்ண எங்க காலேஜ்ல எடுக்கவே மாட்டாங்க.”

எனக்குக் கேட்டது. விழுப்புரத்துக்காரிக்கும் கேட்டது. அவள் கூடைத் தூணோரம் போய் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். நான் மிதித்த பாதம். டீச்சர் என்னைத் தூக்கிவிடுகிற சாக்கில் கையைக் கிள்ளினார். “வாயத் தொறக்காத. சீட்டு உனுக்குத்தான்.”

நான் திறந்திருக்கவே மாட்டேன். சத்தியமாக மாட்டேன். அண்ணன்தான் திறக்க வைத்தான். துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு, ரெஃப்ரியிடம் குழைந்தான். “தங்கச்சி காலைல சாப்புடாம வந்துட்டா சார். சாப்புடக் கூப்புட வந்தேங்க. நான் ஒண்ணுமே பண்ணலீங்க.”

நான் சாப்பிடாதது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் உதைத்துவிட்டு, அதையே எடுத்துப் பொய்யாக்குகிறான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நியாயம் தர்மம் என்று பெயர் வைக்காதீர்கள். வெறும் ஆத்திரம்தான். வாய் தானாகத் திறந்துகொண்டது.

“பொய் சார். எங்க அண்ணன் என் சடயப் புடிச்சி இழுத்துச்சி. கீழ தள்ளி ஒதச்சிச்சி. டெய்லி இதே பேஜாருதான். அந்தப் பொண்ணு எனுக்காவதான் அடிச்சா. அவள உள்ள வுடுங்க சார்.”

மேடம் என் கன்னத்தைப் பார்த்தார், விரல் பதிந்திருந்தது. ரெஃப்ரியைப் பார்த்துத் தலையசைத்தார். ரெஃப்ரி விழுப்புரத்துக்காரியை உள்ளே வரச் சொன்னார். டீச்சர் என் கையை விட்டுவிட்டார். அண்ணன் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “வூட்டுக்குத்தான வருவ? வா,” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கேட்டுக்கு வெளியே நின்ற லாரிக்குப் போய்விட்டான்.

ஆட்டம் மறுபடி தொடங்கியது. நன்றி கின்றி எதுவும் கிடையாது. முதல் பந்துக்கே விழுப்புரத்துக்காரி தோளால் மோதி என் உதட்டைக் கிழித்தாள். உப்புக் கரித்தது. நானும் விடவில்லை. ஆனால் அண்ணன் உதைத்த இடுப்பு என்னை எழும்ப விடவில்லை. எழும்ப முடியாதவள் கையைத்தான் நீட்டுவாள், கையை நீட்டினால் ஃபவுல். ஒவ்வொன்றாகச் சேர்ந்து ஐந்தாவது ஃபவுலும் வந்தது. ஐந்தானால் ஆட்டத்தில் இருக்க முடியாது, ரெஃப்ரி என்னை வெளியே போகச் சொல்லிக் கை காட்டினார். மண்ணில் உட்கார்ந்து, என் இடத்தில் நின்ற சின்னப் பெண்ணின் தலைக்கு மேலாக விழுப்புரத்துக்காரி பந்துக்குமேல் பந்தாகப் போடுவதைப் பார்த்தேன். ஒவ்வொரு பந்தும் வளையத்தில் இறங்கும்போது எனக்கு அழுகை வரவில்லை, கொலைவெறிதான் வந்தது.

முடிந்ததும் மேடம் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். சுற்றி வளைக்கவில்லை.

“உயரம் உனக்குத்தாம்மா அதிகம். ஆனா இவ கடைசிவரைக்கும் கோர்ட்ல நிக்கறா. என்கிட்ட இருக்கறது ஒரு சீட். இவளைத்தான் எடுக்கறேன்.”

“சரிங்க மேடம்,” என்றேன். வேறென்ன சொல்வது? என் இடுப்பைப் பற்றி நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஹேர்பின் மூடியைச் சுற்றி எல்லாரும் குனிந்து அவரவர் பின்னைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். விழுப்புரத்துக்காரி நொண்டிக்கொண்டே என்னிடம் வந்து கையை நீட்டினாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அறைந்தேன். முழுக் கையையும் வீசி, சத்தம் மைதானம் பூராவும் கேட்கிற மாதிரி. என் சாப்பாடு, என் ஹாஸ்டல், என் உயிர், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகிறாள். நான்தான் எடுத்துக் கொடுத்தேன் என்பது இன்னும் எரிந்தது.

அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். மூன்று வருஷத்தில் ஒரு அடியைக்கூட அவள் திருப்பித் தராமல் விட்டதில்லை. நான் கையைத் தூக்கித் தயாராக நின்றேன்.

“இன்னாடி பாத்துக்கினு நிக்கற? அடி,” என்றேன்.

கேட்டுக்கு வெளியே லாரி ஹார்ன் அடித்தது. நிறுத்தாமல் அடித்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“வாணாம்டி,” என்றாள். “உனுக்கு வூட்டுக்குப் போனா இருக்குது.”

அன்றைக்கு நான் அழுதது அப்போதுதான். அவள் எதிரிலேயே அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் லாரியில் ஏறினேன்.