சைரன் வாங்கிய இரண்டு தூசி இயந்திரங்கள்

ஜனவரி 9. முகமூடி, இரண்டு டஜன்: 240
ஜனவரி 30. சுவாச மருத்துவமனை, முதல் தடவை: 600
பிப்ரவரி 13. தூசி உறிஞ்சும் இயந்திரம், துணிப்பை வைத்தது: 21,500
மே 8. சுவாச மருத்துவமனை, இரண்டாம் தடவை: 600
மே 26. இழைப்பு இயந்திரம் விற்ற வரவு: 34,000
ஜூன் 2. தூசி உறிஞ்சும் இயந்திரம், இரண்டாவது: 52,800. பழையதை எடுத்துக்கொண்டதற்குக் கழிவு: 14,000
ஜூன் 6. குழாய், வளைவுகள், கூண்டுக்குத் தகரம்: 3,150
செப்டம்பர் 4. சுவாச மருத்துவமனை, மூன்றாம் தடவை: 600

இது என் தங்கை வீட்டுக் கணக்கு. செலவு செய்தவர் அவள் கணவர். நான் எழுதி வைத்ததற்குக் காரணம் வேறொன்றுமில்லை. பல்பு தொழிற்சாலையின் உதிரிப்பாகக் கிடங்கில் முப்பத்தாறு வருடம் இருந்தவனுக்கு, கண்ணெதிரே ஒரு பொருள் வாங்கப்பட்டால் கை சும்மா இருக்காது.

அவரைத் தெருவில் சைரன் என்றுதான் சொல்வார்கள். அவருக்கும் அதில் வருத்தமில்லை. ஆம்புலன்ஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். வேலை நேரத்தில் பறந்தவர், சொந்தக் காரை மட்டும் நடந்து போகிறவர்கள் முந்திக்கொண்டு போகிற வேகத்தில் ஓட்டுவார். கேட்டால், "அவசரத்தையெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே ஒப்படைச்சுட்டு வந்துட்டேன் மச்சான்" என்பார். காதுதான் அவருக்குக் கண். தெருமுனையில் ஒரு வண்டி திரும்பும்போதே அதில் எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். சொன்னது தப்பியதில்லை.

ஓய்வுபெற்ற வருடம் காரை விற்றுவிட்டு, கார் நின்ற அறையில் மரப் பட்டறை வைத்தார். மேசை ரம்பம், பட்டை ரம்பம், இழைப்பு இயந்திரம், கடைசல் இயந்திரம். செய்வது முக்காலி மட்டும். முதலில் ஒரு நாற்காலி செய்தார். அது இன்றும் என் வீட்டில், ஒரு காலுக்கடியில் அட்டையோடு நிற்கிறது. அதற்குப் பிறகு நாலு காலைத் தொடவில்லை. "நாலு கால்னா ஏதாவது ஒண்ணு பொய் சொல்லும். மூணு கால் எந்தத் தரையிலயும் உண்மைதான் பேசும்" என்பது அவர் கட்சி. தெருவில் முக்காலி இல்லாத வீடு கிடையாது. காசு வாங்கமாட்டார். வாங்கிக்கொண்டவர்கள் அதில் உட்காராமல் பூந்தொட்டி வைத்தால் மட்டும் முகம் சுருங்கும்.

பட்டறையிலிருந்து உள்ளே வரும் கதவைத் திறந்தால் துணி துவைக்கிற அறை. அது என் தங்கையின் ராஜ்யம். அவள் அதே ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடம் சலவைப் பிரிவைக் கட்டி ஆண்டவள். இருவரும் பழகியதே, அவர் வண்டியின் அழுக்கு விரிப்புகளைக் கொண்டுவந்து போடப்போய்த்தான். அவள் கண்ணில் பட்ட துணி எதுவும் துவைபடாமல் தப்பாது. விருந்தாளி கழற்றிப் போட்ட கோட்டையே ஒருமுறை நனைத்துவிட்டாள்.

போன குளிர்காலத்தில் அவளுக்கு மூச்சு இரைக்கத் தொடங்கியது. ஜனவரியில் சுவாச மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் சின்னப் பெண், ஆனால் பேச்சில் நிதானம்.

"மரத்தூள்ல கண்ணுக்குத் தெரியறதைப் பத்திக் கவலைப்படாதீங்க. தெரியாதது ஒண்ணு இருக்கு, மாவைவிட நைசா. அதுதான் நெஞ்சுக்குள்ள போய் உக்காருது. அந்தத் தூசியை அடக்க வழி பண்ணுங்க. மூணு மாசம் கழிச்சுப் பாப்போம். ஊதற அளவு ஏறலன்னா பட்டறையை மூடிடுங்க."

ஊதிப் பார்க்க ஒரு பிளாஸ்டிக் குழல் கொடுத்தார்கள். பலமாக ஊதினால் முள் ஓர் எண்ணில் நிற்கும். அன்று 300.

திரும்பி வந்ததும் வீட்டு வாசலில் சைரன் என்னைத் தனியாக நிறுத்திச் சொன்னார்: "பட்டறையா அவளான்னு கேட்டா, அது கேள்வியே இல்ல மச்சான். ஆனா விஷயம் அந்தக் கேள்வி வரைக்கும் போகாம பாத்துக்கணும். அந்த ரூம் இல்லன்னா நான் காலையில எந்திரிச்சு எங்க போவேன்?"

தூசி உறிஞ்சும் இயந்திரம் வாங்குவதென்று முடிவாயிற்று. நான் மூன்று வகைகளை ஒப்பிட்டு ஒரு தாள் தயாரித்தேன். ஒன்று, வாளி மேல் மோட்டார் வைத்தது. சின்ன கருவிக்குப் போதும், ரம்பத்துக்குப் போதாது. இரண்டு, பெரிய விசிறி தூளை இழுத்து, கீழே பிளாஸ்டிக் பையில் சுருளைத் தள்ளி, மேலே உப்பி நிற்கும் துணிப்பை வழியாகக் காற்றை வெளியே விடுவது. மூன்று, புனல் வடிவத்தில் காற்றைச் சுழற்றி, கனத்த தூளை டிரம்மில் இறக்கிவிட்டு, மிச்சக் காற்றை மடிப்பு மடிப்பான நுண்வடிகட்டி வழியாக அனுப்புவது. அது விலையில் மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டது.

கருவிக் கடையை நடத்துவது ஒரு அம்மாள். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடுகிறவர். சைரன் என் தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "மூணையும் ஓட விடுங்கம்மா" என்றார். கண்ணை மூடிக்கொண்டு நின்றார். முதலாவதைக் கேட்டு, "கொசு" என்றார். இரண்டாவது கடையின் கண்ணாடிக் கதவை அதிர வைத்தது. "இதுக்கு நெஞ்சுல சத்து இருக்கு." மூன்றாவது ஓடியபோது ஒரு கண்ணை மட்டும் திறந்து, "ஆன் பண்ணிட்டீங்களா?" என்றார்.

கடைக்கார அம்மாள் சொன்னார்: "எவ்வளவு இழுக்கும்னு மட்டும் பாக்குறீங்க. இழுத்ததை வெச்சுக்குமான்னும் கேக்கணும்."

"இழுத்தது உள்ளதானே இருக்கும்? வேற எங்கம்மா போகும்?"

அந்த அம்மாள் கண்ணாடியைத் தேடுவதில் மும்முரமானார். இரண்டாவதையே வாங்கி வந்தோம்.

தரையைப் பொறுத்தவரை அது மகா கெட்டிக்கார இயந்திரம். முன்பு கணுக்கால் வரை சுருள் கிடந்த இடத்தில் இப்போது கண்ணாடி போலத் தரை. சைரன் வெள்ளைக் காலுறை போட்டுக்கொண்டு பட்டறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து உள்ளங்காலைத் தூக்கி என்னிடம் காட்டினார். "பாரு மச்சான். ஆப்பரேஷன் தியேட்டர் கெட்டது போ." நான் புதன்கிழமை தோறும் போவேன். தங்கை ஊதுவாள், நான் குறித்துக்கொள்வேன். 300, 305, 300, 310. ஏறவில்லை என்றாலும் இறங்கவில்லை. மே மாதம் எட்டாம் தேதி மருத்துவமனையில் ஊதியபோது 300. நர்ஸ் அதோடு விடவில்லை. மூன்று வாரத்துக்கு, நாள் தவறாமல் ஊதி எழுதிய அட்டை எங்கே என்றாள். தங்கை கைப்பையிலிருந்து தயங்கி எடுத்துக் கொடுத்தாள். அப்படி ஓர் அட்டை இருப்பதே எனக்கும் சைரனுக்கும் அன்றுதான் தெரியும்.

பதினெட்டாம் தேதி கடிதம் வந்தது. சில நாட்களில் அளவு 240 வரை விழுந்திருக்கிறது. நிலை முன்னைவிட மோசம். பட்டறையை அகற்றிவிடுவது நல்லது.

சைரன் நின்றபடியே படித்தார். மடித்து மேசைமேல் வைத்தார். பட்டறைக்குள் போய் விளக்கை அணைத்துவிட்டு வந்தார். மறுநாள் ஒவ்வொரு இயந்திரத்தையும் துடைத்து எண்ணெய் போட்டார். மேசை நாற்காலி செய்து விற்கும் ஒருவருக்குப் போன் செய்து, எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். பெண்ணுக்கு வரன் பார்ப்பவர் போல, அவர் கடையில் கூரை ஒழுகுமா, வேலையாட்கள் குடிப்பார்களா என்றெல்லாம் விசாரித்தார். பிறகு என்னிடம், "சனிக்கிழமை வா. என்னென்ன போகுதுன்னு ஒரு லிஸ்ட் போட்டுடு" என்றார்.

அதனால்தான் நான் வழக்கமில்லாமல் ஒரு சனிக்கிழமை போனேன். முன்கதவு பூட்டியிருந்தது. பின்பக்கம் சுற்றிப் போனேன். கொடியில் அந்த இயந்திரத்தின் துணிப்பை தலைகீழாகத் தொங்கியது. தங்கை இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு, ஒரு கழியால் அதை அடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வோர் அடிக்கும் பழுப்பு நிறத்தில் புகை கிளம்பி அவள் தலைமேல் இறங்கியது.

"என்னம்மா இது?"

"பாத்தா தெரியல? பை. விக்கறதா இருந்தாலும் அழுக்கோட அனுப்ப முடியுமா? அடிச்சுட்டு ஊற வெக்கணும்."

"எத்தனை நாளா நடக்குது?"

"வாங்கின வாரத்துலேர்ந்து. சனிக்கிழமை அவர் மரக்கடைக்குப் போவாரில்ல, அப்ப. வெளுத்துக் காய வெச்சு அவர் வரதுக்குள்ள மாட்டிடுவேன். சொன்னா மிஷின் மேல கை வெக்காதேம்பார்."

அதற்குள் இருமல் வந்து கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"மூச்சு வாங்குதே."

"சனிக்கிழமை கொஞ்சம் வாங்கும்ணே. செவ்வாய்க்குள்ள அடங்கிடும். நீ புதன்கிழமைதானே வர."

நான் அங்கே கிடந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"எதுக்கும்மா இந்த வேலை?"

"அழுக்கடைச்சா சரியா இழுக்காதுன்னு நெனச்சேன். நல்லா இழுத்தா எனக்கு ஏறும். எனக்கு ஏறினா அவர் ரூமை ஒழிக்க வேண்டாம். ஊருக்கெல்லாம் முக்காலி பண்ணிட்டு, கடைசியில இவர் உக்கார இடமில்லாமப் போறதா?"

பின்னால் ஏதோ இறங்கும் சத்தம் கேட்டது. சைரன், இயந்திரங்களை வண்டியில் ஏற்ற வாங்கிவந்த இரண்டு பலகைகளைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் போய் அவள் கையிலிருந்த கழியை வாங்கினார்.

"ஆஸ்பத்திரியையே துவைச்சுக் காயப் போட்டவ. பையை மட்டும் விட்டு வெப்பான்னு நான் எப்படி நெனச்சேன்?" என்று என்னிடம் சொன்னார். பிறகு அவளிடம், "உள்ள போ. தலையை அலசிட்டு, கொஞ்சம் படு" என்றார். அவள் உள்ளே போனதும் தானும் தரையில் உட்கார்ந்தார். முக்காலியில் நான் இருந்தேன்.

திங்கட்கிழமை மூவருமாகக் கடைக்குப் போனோம். கடைக்கார அம்மாள் முழுவதும் கேட்டுவிட்டு, "பையை யாரு துவைச்சது?" என்றார். தங்கை கையைத் தூக்கினாள், பள்ளிப் பிள்ளை மாதிரி.

"துணி மட்டும் வடிகட்டாதும்மா. துணி இழைக்குள்ள தூசி போய் அடைச்சுக்கிட்டு, அதுதான் மத்த தூசியைப் பிடிக்கும். நீங்க வாராவாரம் வெளுத்தீங்களா, வாராவாரம் அது புதுசாக் கோட்டைவிட்டுக்கிட்டே இருந்திருக்கு."

"துவைக்காம விட்டிருந்தா?" என்றார் சைரன்.

"இவ்வளவு மோசம் ஆகியிருக்காது. ஆனா ரொம்ப நைசா இருக்கறதை அந்தப் பை எப்பவுமே பிடிக்காது. அன்னிக்கு அதைத்தான் சொல்ல வந்தேன். நீங்க கண்ணை மூடிக்கிட்டு இருந்தீங்க."

தங்கை கைப்பையைத் திறந்தாள். உள்ளே நாலாக மடித்த வெள்ளைத் துணிகள், ஆஸ்பத்திரி வெள்ளை. முகமூடி போட்டுக்கொண்டு, ஒன்றை நனைத்துப் பிழிந்து, பை வைத்த இயந்திரத்தின் மேல் போர்த்தினாள். கடைப் பையன்கள் அதை ஓடவிட்டு, பத்து நிமிடம் ஒரு பலகையை உப்புத்தாள் இயந்திரத்தால் தேய்த்தார்கள். துணியை எடுத்தபோது ஓரிரு நாள் உடுத்திய சட்டைக் காலர் போல இருந்தது. அடுத்த துணியை நனைத்து, மூன்றாவது இயந்திரத்தின் வடிகட்டியைச் சுற்றிக் கட்டினாள். அதற்கும் பத்து நிமிடம். வாசல் வெளிச்சத்தில் விரித்து, முன்னும் பின்னும் பார்த்தாள். போட்டபடியே வெள்ளை.

"இதுதான்" என்றாள்.

"சத்தமே இல்லையேம்மா" என்றார் சைரன், கடைசி முயற்சியாக.

"வீட்ல ஒரு சைரன் போதும்" என்றாள் தங்கை.

விலைக்குக் கை போதவில்லை. எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள வந்தவரிடம் இழைப்பு இயந்திரத்தை மட்டும் கொடுத்தனுப்பினார். இனிப் பலகைகளைக் கையால் இழைக்க வேண்டும். "தொப்பை குறையும்" என்றார். ஆனால் வண்டி திரும்பும் வரை வாசலிலேயே நின்று அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

புது இயந்திரத்தைப் பட்டறைக்குள் வைக்கவில்லை. வெளிச்சுவரை ஒட்டித் தகரக் கூண்டு கட்டி அதற்குள் வைத்தார். குழாய் தடியாக, முடிந்தவரை குட்டையாக, வளைவு இரண்டே இரண்டு. உள்கதவின் இடுக்குகளில் ரப்பர் பட்டை ஒட்டினார். வடிகட்டியைத் தட்டிவிட வெளியே ஒரு கைப்பிடி உண்டு, திறக்கவே தேவையில்லை. இருந்தாலும் கூண்டுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். டிரம்மைக் காலி செய்வது அவர் மட்டும், முகமூடியோடு. மனைவிக்குத் துவைக்க எதுவுமில்லாமல் போய்விடக் கூடாதே என்று, தன் பட்டறை மேலங்கியைத் தானே வாளித் தண்ணீரில் முக்கி, ஈரமாகக் கொண்டுவந்து கொடுப்பார். அவள் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "சரியா ஊறல" என்று மறுபடி முக்குவாள்.

நான் புதனோடு சனிக்கிழமையும் போகத் தொடங்கினேன். ஜூலையில் சனிக்கும் புதனுக்கும் வித்தியாசம் பத்துக்குள் வந்தது. ஆகஸ்டில் வித்தியாசமே இல்லை.

செப்டம்பர் நான்காம் தேதி மருத்துவமனையில் ஊதினாள். பதில் கடிதத்தில் வரும் என்றார்கள். அந்த நாட்களில் சைரன் புது மரம் எதையும் அறுக்கவில்லை. ஒரு முக்காலிக்கு இருக்கையும் மூன்று கால்களும் தயாராக இருந்தன. இரண்டு காலைப் பசை போட்டு இறக்கிவிட்டு மூன்றாவதைச் சும்மா வைத்திருந்தார். காரணம் கேட்டேன். "ஒழிக்கப்போற ரூம்ல வேலையை எதுக்கு முடிக்கணும்?" என்றார், உப்புத்தாளால் அந்தக் காலையே தேய்த்தபடி. அது நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது.

கடிதம் வந்தபோது நான் அங்கே இருந்தேன். தங்கை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பிரித்தாள். அளவு 350. பட்டறையைப் பற்றி ஒரே வரி: இப்போது இருக்கிறபடியே இருக்கலாம். இனி வரத் தேவையில்லை. இதுவே கடைசிக் கடிதம். அவள் பட்டறைக் கதவைத் தட்டி, அவர் திறந்ததும் காகிதத்தைக் கையில் கொடுத்தாள். அவர் இரண்டு முறை படித்தார். பசைப் புட்டியைத் திறந்து மூன்றாவது காலை இறக்கினார். மெலிந்திருந்ததால் துளையில் கொஞ்சம் ஆடியது. ஒரு மரச்சீவலைச் செருகி இறுக்கினார்.

"இது யாருக்கு?" என்றேன்.

"எனக்குத்தான்" என்றார்.

கடிதம் வந்தது செப்டம்பர் 19, சனிக்கிழமை.