எடை அட்டையில் அம்மாவின் பல்

1. அம்மாவின் மேல்தாடையில் முன்பற்கள் ஆறு மட்டும் மிஞ்சியிருந்தன. ஆறும் ஆடிக்கொண்டிருந்தன.

2. நான் கொழும்பில் செயற்கைப் பல் செய்யும் தொழில்நுட்பப் பயிற்சியின் கடைசி ஆண்டில் இருந்தேன்.

3. "பரீட்ச முடிஞ்சு வந்து ஒங்களுக்கு நானே பல்லுக் கட்டித் தர்றேன்" என்று தொலைபேசியில் சொன்னேன்.

4. அடுத்த மாதம் அம்மா இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் ஆறையும் பிடுங்கிக்கொண்டார். என்னிடம் சொல்லவில்லை.

5. பரீட்சை முடிந்து நான் வீட்டுக்கு வந்த அன்று, பரிசு காட்டுவதுபோல வாயைத் திறந்து காட்டினார்.

6. நான் அழுதேன்.

ஏன் அழுகிறேன் என்று அம்மாவுக்கு விளங்கவில்லை.

"இப்ப என்னா நடந்துருச்சுன்னு இந்த அழுக அழுவுற? நீதான பல்லுக் கட்டித் தர்றேன்னு சொன்ன?"

"கட்டித் தர்றேன்னுதான சொன்னேன். புடுங்கச் சொன்னேனா?"

"பழைய செடியப் புடுங்காம யாராச்சும் புதுக் கன்னு வைப்பாங்களா? நீ வர்றதுக்குள்ள எடத்தச் சுத்தம் பண்ணி வச்சேன். இதுக்குப் போயி அழுவுறா பாரு."

அம்மா முப்பது வருடமாகக் கொழுந்து பறிப்பவர். ஒரு மலையில் புதிதாகத் தேயிலை வைப்பதென்றால் பழைய செடிகளை வேரோடு கிளப்பி, மண்ணை ஆறப்போட்ட பிறகுதான் கன்று வரும். தன் வாயையும் எனக்காக அவர் அப்படித்தான் தயார் செய்து வைத்திருந்தார்.

அந்தப் பற்களைக் காப்பாற்றியிருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. ஈறு இறங்கி, எலும்பு கரைந்து ஆடிய பற்கள். பிடுங்கிய டொக்டர் செய்தது சரி. என் வருத்தம் வேறு. பல்லைப் பிடுங்குமுன் அது இருந்தபடியே ஓர் அச்சு எடுத்து வைக்க வேண்டும் என்பது நாங்கள் படித்த முதல் பாடங்களில் ஒன்று. பத்து நிமிட வேலை. அச்சு இல்லையென்றால் சிரித்த முகத்தோடு ஒரு புகைப்படம். அதுவும் இல்லையென்றால் பிடுங்கிய பல்லாவது வேண்டும்.

"புடுங்குன பல்ல என்னா செஞ்சாங்க?"

"குப்பையில போட்டாங்க. எனக்கு என்னாத்துக்கு அது?"

அந்த ஆறில் நடுவில் இருந்த இரண்டு பற்களுக்கும் இடையே ஓர் இடைவெளி இருந்தது. அம்மா வாய்விட்டுச் சிரித்தால் அது கறுப்பாக ஒரு கோடுபோலத் தெரியும். சின்ன வயதில், பின்னேரம் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்து வாசலில் நின்று மலையிலிருந்து இறங்கி வரும் பெண்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எல்லோர் தலையிலும் ஒரே மாதிரி கொங்காணித் துணி, இடுப்பில் ஒரே மாதிரி படங்குச் சாக்கு, முதுகில் கூடை. பனிமூட்டம் வேறு. பத்தடிக்குள் வரும்வரை யார் யாரென்று தெரியாது. அதில் ஒருத்தி சிரிப்பாள். அந்தக் கோடு தெரியும். நான் ஓடுவேன்.

உடப்புசல்லாவைப் பக்கத்தில் எங்கள் தோட்டம். நான் படித்த புத்தகத்தில் ஒரு பல்லுக்குப் பல படிகள் இருந்தன. சொத்தை சின்னதாக இருக்கும்போதே அடைப்பது. நரம்பைத் தொட்டுவிட்டால் வேர்ச் சிகிச்சை செய்து, மேலே தொப்பிபோல ஓர் உறை போடுவது. பல்லே போய்விட்டால் பக்கத்துப் பற்களில் தாங்கவைத்துப் பாலம் கட்டுவது, அல்லது எலும்பில் திருகாணி இறக்கி அதன்மேல் பல் வைப்பது, அல்லது கழற்றிப் போடும் செட். எங்கள் லயத்தில் இரண்டே படிகள்தான். வலித்தால் கிராம்பு. கிராம்புக்கு அடங்காவிட்டால் பிடுங்கல். வேர்ச் சிகிச்சைக்கு நுவரெலியாவுக்கு மூன்று தடவையாவது போய் வர வேண்டும், ஒவ்வொரு தடவைக்கும் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகும். பிடுங்குவதென்றால் ஒரே நாளில் முடிந்துவிடும். அம்மாவின் மேல் கடைவாய்ப் பற்கள் எல்லாம் அப்படித்தான் போயின. லயத்தில் பக்கத்துக் காம்பரா அறையில் இருக்கும் பெரியம்மாவுக்கும் அப்படித்தான்.

ஈறு ஆறி எலும்பு சுருங்கி முடிய மூன்று மாதம் காத்திருந்தோம். அதற்குள் எனக்கு ஹட்டனில் ஒரு தனியார் பல் மருத்துவ நிலையத்தின் பின்னறையில் வேலை கிடைத்தது. முன்னறையில் டொக்டர் மிஸ் வாய் பார்ப்பார். பின்னறையில் நான் அவர் எடுத்த அச்சில் சாந்து ஊற்றி, மெழுகில் பல் அடுக்கி, அதை அக்ரிலிக்கில் வார்ப்பேன். அம்மாவை அங்கே வரவழைத்தேன். மிஸ் அச்சு எடுத்தார். நான் படித்தபடி செய்தேன். மூக்கின் நடுக்கோட்டில் இரண்டு முன்பற்கள், இடைவெளி இல்லாமல், நேராக. நிறம் அவருடைய வயதுக்கு ஏற்ற மங்கல். மிஸ் பார்த்துவிட்டு, "பெய்ன்ட் அடிச்ச மாதிரி இல்ல, நல்லா இருக்கு" என்றார். அது அவரிடமிருந்து பெரிய பாராட்டு.

செட்டைப் போட்டுக்கொண்டு ஊருக்குப் போன அன்று பெரியம்மா வாசலில் நின்று பார்த்தார்.

"அடியே, யாருடி இது? தொரையோட பெரட்டுக் களத்துக்கு வந்த தொரசாணி மாதிரி இருக்கா!"

"போடி இவளே. ஒனக்கு வயித்தெரிச்சல்."

"எனக்கென்னா எரிச்சல்? நாளைக்கு மலையில தொரசாணி வெத்தல போடுமா, போடாதா?"

"போடும். ஒன்கிட்டதான் வாங்கிப் போடும்."

அம்மா சிரித்தார். அழகாக இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லாத வேலை. ஆனால் எனக்கு அந்தச் சிரிப்பைத் தெரியாது. வாசலில் நின்றிருந்தால் நான் ஓடியிருக்க மாட்டேன்.

அன்றிலிருந்துதான் தேட ஆரம்பித்தேன். அடையாள அட்டைப் படத்தில் வாய் மூடியிருந்தது. கல்யாணப் படத்திலும் வாய் மூடியிருந்தது. என் சடங்குப் படங்கள் பதினொன்றில் அம்மா எட்டில் இருக்கிறார், எட்டிலும் வாய் மூடியிருக்கிறார். கைத்தொலைபேசியில் நான் முன்பு எடுத்த படங்களில் அவர் சிரிக்கிறார், ஆனால் எல்லாவற்றிலும் வாய்க்குமுன் கை இருக்கிறது. வெட்கம் என்று நினைத்துக் கடந்துவிட்டேன்.

ஒரு விடுமுறையில், வேலையிடத்தில் கொடுக்க என் பிறப்புச் சான்றிதழ் தேவைப்பட்டு பிஸ்கட் தகரப்பெட்டியைத் திறந்தேன். அடியில் ரப்பர் பட்டி போட்டு அம்மாவின் பழைய எடை அட்டைகள் இருந்தன. இப்போது கொழுந்து நிறுத்தால் இயந்திரம் ஒரு துண்டை நீட்டுகிறது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஆளுக்கு மாதம் ஒரு தடித்த அட்டை. கணக்கப்பிள்ளை அதில் எடையை எழுதுவார். கொழுந்து மூட்டையைத் தராசில் மாட்ட இரண்டு கையும் வேண்டும். கையில் ஈரமும் கொழுந்துக் கறையும் இருக்கும். அதனால் மூட்டையைத் தூக்கும்போது எல்லாப் பெண்களும் அட்டையின் ஒரு மூலையைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

அட்டையைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தேன். மூலையில் இரண்டு பள்ளம், நடுவில் ஒரு மேடு. வெற்றிலைச் சாயம் விளிம்பில் பழுப்பாக இறங்கியிருந்தது.

சமையல் பக்கத்திலிருந்து அம்மா, "சான்றிதழ் கெடச்சிருச்சா?" என்று கேட்டார். கிடைத்தது என்றேன்.

மொத்தம் ஒன்பது அட்டைகள். ஐந்தில் தடம் தெளிவாக இருந்தது. ஐந்தையும் ஹட்டனுக்குக் கொண்டுபோனேன். பென்சில் தூளைத் தேய்த்துத் தடத்தை எடுத்தேன். அட்டையின் பின்பக்கத்தில் கீழ்ப்பற்களின் தடமும் இருந்தது. அம்மாவின் கீழ் முன்பற்கள் ஆறும் இன்னும் இருப்பவை, அவற்றின் சாந்து அச்சு என்னிடம் இருந்தது. வைத்துப் பார்த்தேன். பொருந்தியது. கீழே பொருந்தியதும் மேலே எது எங்கே நின்றது என்று தெரிந்துவிட்டது. இடைவெளி நான்கு அட்டைகளில் இரண்டரை மில்லிமீட்டர், ஒன்றில் இரண்டே முக்கால். அந்த அட்டை மழையில் நனைந்து உப்பியிருக்கலாம். இடது முன்பல் சற்றுத் திரும்பி நின்றிருக்கிறது. அதை நான் மறந்தே போயிருந்தேன். பார்த்ததும் ஞாபகம் வந்தது.

இரண்டாவது செட்டை வேலை நேரம் முடிந்த பிறகு, ஆறு வாரத்தில் செய்தேன். ஒவ்வொரு வேலைக்கும் நாங்கள் நிரப்பும் படிவத்தில் நோயாளியின் விருப்பம் என்று ஒரு வரி உண்டு. அதை வெறுமையாக விட்டேன். மெழுகில் அடுக்கியதை மிஸ் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"அம்மா கேட்டாங்களா?"

"இல்ல மிஸ். நான்தான்."

"அப்ப இது யாருக்கு?"

நான் படிவத்தை மடித்து வைத்தேன். மிஸ் மெழுகு அடுக்கை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். வார்க்கலாம் என்று தலையை மட்டும் அசைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதை ஈரப் பஞ்சில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நுவரெலியாவில் மாறி வீட்டுக்குப் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. பெரியம்மா எங்கள் வாசலில் அம்மாவுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா எழுந்து, போட்டிருந்த செட்டைக் கழற்றிக் கோப்பையில் வைத்துவிட்டு, புதியதை வாங்கிக் கழுவி வாய்க்குள் வைத்தார். ஜன்னல் கம்பியில் சொருகியிருந்த கண்ணாடியைப் பார்த்து, சரியாக இருக்கிறதா என்று பல்லை இளித்தார்.

பெரியம்மா வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இந்தா, நம்மாளு வந்துருச்சு!" என்றார்.

அதைக் கேட்டு அம்மா சிரித்தார். வாய்விட்டு, தலையைப் பின்னால் சாய்த்து. அந்தக் கோடு தெரிந்தது. இடது பல் திரும்பியிருந்த விதம்கூடச் சரி. எனக்குக் கால் ஓடத் தயாரானதுபோல இருந்தது, இத்தனைக்கும் அவர் நான்கு அடி தூரத்தில்தான் நின்றார்.

"அப்படியே இருங்கம்மா. ஒரு படம் எடுத்துக்கிறேன்" என்று தொலைபேசியைத் தூக்கினேன்.

அம்மாவின் கை மேலே போய் வாயை மூடியது.

யாரும் சொல்லி அது நடக்கவில்லை. கை தானாகப் போனது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேர்ப்பல் செட்டைக் கட்டிய நாளிலிருந்து அந்தக் கை ஒரு தடவைகூட வாய்க்குப் போகவில்லை. இத்தனை மாதமும் நான் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன், கையைப் பார்க்கவில்லை.

தொலைபேசியைக் கீழே வைத்தேன். அம்மாவும் கையைப் பார்த்தார். அவருக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும்.

"சின்னப் புள்ளையில இருந்தே என்னைய ஓட்டப்பல்லுன்னுதான் கூப்புடுவாங்க. ஒங்க பெரியம்மாதான் மொத ஆளு."

"ஆமா, நாந்தான். இப்ப என்னாங்கிற?" என்றார் பெரியம்மா.

"கல்யாணத்தன்னைக்கி போட்டோக்காரரு சிரிக்கச் சொன்னாரு. ஒங்க அத்தகாரி, வாய மூடிக்க, பல்லு அசிங்கமா விழும்னுச்சு. அன்னைக்கி மூடுனதுதான்."

"மலையிலயிருந்து வர்றப்ப சிரிப்பீங்களேம்மா?"

"மலையில யாரு இருக்கா? செடியும் நாங்களுந்தான. அப்பறம் வாசல்ல நீ நிப்ப."

அம்மா திரும்பவும் கண்ணாடியைப் பார்த்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. வாயைச் சற்றே திறந்து, நாக்கின் நுனியை அந்த இடைவெளியில் வைத்துப் பார்த்தார்.

"எம்பல்லேதான். எப்புடித்தான் செஞ்சியோ. அதான் வேணாங்கிறேன், புள்ள. இப்பதான் பஸ்ஸுல, டவுன்ல எல்லாம் வாயத் தொறந்து பேசுறேன். இதப் போட்டா மறுபடி கைய வைக்கணும். எனக்கு எத்தன கை இருக்கு?"

கழற்றினார். கழுவினார். என் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். பிறகு கோப்பையிலிருந்த செட்டைப் போட்டுக்கொண்டு, பெரியம்மாவுக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனார். நான் ஜன்னலருகே நின்றேன். இடைவெளி வைத்த செட்டை அம்மா போட்டு நின்றது இரண்டு நிமிடம் இருக்கும். அதில் அவர் சிரித்தது ஒரு தடவை. எட்டு வயதில் தினமும் கிடைத்த அந்தச் சிரிப்பு எனக்கு இப்போதும் வேண்டும். ஆனால் கேட்பதற்கு அது என்னுடையதல்ல.

இப்போதைய நிலை இது. அம்மா நேர்ப்பல் செட்டைத்தான் போடுகிறார். கீழே அவருடைய சொந்தப் பற்கள் ஏழு இருக்கின்றன, முன்னால் ஆறும் இடப்பக்கம் ஒரு கடைவாய்ப் பல்லும். அந்தக் கடைவாய்ப் பல் போன மாதம் வலித்தது. பிடுங்கலாம் என்றார், வேண்டாம் என்றேன். மூன்று தடவை ஹட்டனுக்கு வந்து வேர்ச் சிகிச்சை முடித்துவிட்டார். அடுத்த வாரம் அதற்கு உறை போடுவோம். பல்லைத் தொடுவதற்கு முன்பே மிஸ் அச்சு எடுத்துவிட்டார். படிவத்தில் நோயாளியின் விருப்பம் என்ற வரியில், அம்மா சொன்னபடி, வெள்ளி நிறம் வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன். எடை அட்டைகள் திரும்பவும் தகரப்பெட்டியில் இருக்கின்றன. இடைவெளி வைத்த செட் காய்ந்தால் வளைந்துவிடும் என்பதால், என் அறையில் மூடியுள்ள ஒரு போத்தலில் தண்ணீருக்குள் இருக்கிறது.